கடலடிக் காடும் வெண்டைக்காய் நுனியும்

பாசி என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது குளத்துப் படிக்கட்டில் காலை வாரிவிடும் பச்சை வழுக்கல்தான். கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் தோன்றும்: மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மூழ்கிப் பறித்து, சாக்கில் கட்டிவரும் கடற்பாசி. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஒன்றை எப்படி விளக்குவது? 'பாசிக் காடு' என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கக் கெல்ப் என்றே எழுதுகிறேன். குளிர்ந்த கடல்களில் பாறை மேல் வளரும் பழுப்பு நிறப் பாசிக் கூட்டத்துக்கு அதுதான் பெயர். அதில் பெரியது ராட்சதக் கெல்ப்.

நான் பார்த்த காடு அனகாப்பா தீவைச் சுற்றி இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வெஞ்சுரா துறைமுகத்திலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவு என்று ஒருமையில் சொன்னாலும் வரிசையாக நிற்கும் மூன்று பாறைத் திட்டுகள்தான். அந்தக் கரையின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்களின் மொழியில் கானல் தோற்றம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. மூடுபனி விலகும்போது தீவு நீரிலிருந்து தூக்கி வைத்ததுபோல அந்தரத்தில் தெரியும். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 1853-இல் வின்ஃபீல்ட் ஸ்காட் என்ற நீராவிக் கப்பல் மூடுபனியில் வந்து இதன் மீது மோதி உடைந்தது. கிழக்குத் திட்டின் உச்சியில் 1932-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் இருக்கிறது. கரையிறங்கும் சிறு குடாவிலிருந்து மேலே போக 157 படிகள். முக்குளிக்க வந்தவர்களுக்கு அந்தப் படிகள் தேவையில்லை. நமக்கு வேலை கீழேதான்.

கெல்ப்பின் உடலமைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் அதற்குள் எப்படி நீந்துவது என்பதில் பாதி புரிந்துவிடும். அது தாவரம் அல்ல. பூ, காய், விதை எதுவும் இல்லை. அடியில் வேர் மாதிரி ஒரு கொத்து பாறையைக் கவ்வியிருக்கும். அகத்தி மரத்தைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடியின் பற்றுவேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை, உணவை உறிஞ்சுவதில்லை. உரச்சத்தை உடம்பு முழுவதாலும் நேரடியாக நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் கொத்திலிருந்து விரல் பருமனில் பல தண்டுகள் மேலே கிளம்பும். தண்டு நெடுக இலை போன்ற சுருக்கம் விழுந்த பட்டைகள். ஒவ்வொரு இலையின் காம்பிலும் சின்னக் கத்தரிப்பிஞ்சு அளவில் ஒரு காற்றுப்பை.

இந்தக் காற்றுப்பைதான் சூட்சுமம். நிலத்து மரம் நிமிர்ந்து நிற்க மரக்கட்டை வேண்டும். கெல்ப்புக்குக் கட்டை கிடையாது. கீழே பாறைப்பிடி, மேலே காற்றுப்பைகளின் இழுப்பு, நடுவில் கொடி: பட்டம் நூலில் நிற்பதுபோல அது கடலில் நிற்கிறது. நீர்மட்டத்தை எட்டிய பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை. மேற்பரப்பில் படர்ந்து பந்தல் போட்டுவிடும். சூழல் ஏற்றதாக இருந்தால் ஒரே நாளில் அரை மீட்டருக்கும் மேல் வளரும். வெயில் கிடைப்பது பந்தலுக்குத்தான். அங்கே உண்டாகும் சர்க்கரை தண்டுக்குள் இருக்கும் குழாய்கள் வழியாக இருட்டில் கிடக்கும் அடிப்பகுதிக்கு இறங்குகிறது.

இவ்வளவு வேகமாக வளர்வதற்கு உரம் எங்கிருந்து வருகிறது? குளிரிலிருந்து என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். சாம்பாரைக் கிளறாமல் மேலாக மொண்டால் தெளிவுதான் கிடைக்கும், பருப்பெல்லாம் அடியில் தங்கியிருக்கும். கடலும் அப்படித்தான். இறந்து மட்கும் எல்லாம் கீழே இறங்கிவிடுவதால் நைட்ரேட் போன்ற சத்துகள் ஆழத்துக் குளிர்ந்த நீரில் சேர்ந்திருக்கும். கலிஃபோர்னியாக் கரையில் வசந்த காலத்தில் வடமேற்கிலிருந்து காற்று பலமாக வீசும். அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலே வரும். கரண்டி போட்டுக் கிளறும் வேலை அதுதான். நீர் ஏறக்குறைய 20 டிகிரியைத் தாண்டிச் சூடானால் சத்து குறைந்து கெல்ப் வாடத் தொடங்கும். 1982-83-இல் பசிபிக் கடலின் மேல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்தபோது வெந்நீரும் புயலலையும் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியாவின் கெல்ப் காடுகளைப் பெரிய அளவில் அழித்தன. மன்னார் வளைகுடாவில் கெல்ப் இல்லாமல் பவளப்பாறை இருப்பதற்கும் காரணம் இதுதான். நம் கடல் கெல்ப்புக்குக் கொதிநீர்.

ஆக, கெல்ப் காட்டைப் பார்க்க விரும்புகிறவர் குளிரோடு சமாதானம் செய்துகொண்டாக வேண்டும். அனகாப்பாவில் நீரின் வெப்பநிலை குளிர்காலத்தில் 13 டிகிரி அளவுக்கு இறங்கும். கோடையின் இறுதியில் 20-ஐ ஒட்டி வரும். கேட்பதற்கு ஊட்டியின் இதமான காலை மாதிரி தோன்றலாம். ஆனால் நீர் காற்றைவிடப் பலமடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதற்குத்தான் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்: நியோபிரீன் ரப்பரில் தைத்து, உடம்போடு ஒட்டிய உடை. தலைக்கு முக்காடு, கைக்கு உறை, காலுக்குக் காலணி. அதை மாட்டுவது தனிப் போராட்டம். முதல் முறை நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு கால் உள்ளே போனதும் படகின் விளிம்பில் உட்கார்ந்து சற்று யோசித்தேன்.

அந்த ரப்பருக்குள் லட்சக்கணக்கான சிறு காற்றுக்குமிழிகள் இருக்கின்றன. குளிரைத் தடுப்பவை அவைதான். நம்மை மேலே மிதக்கவிட்டுச் சங்கடப்படுத்துபவையும் அவைதான். மூழ்குவதற்காக இடுப்பில் ஈயக்கட்டிகள் கட்டிக்கொள்கிறோம். தடித்த உடைக்குப் பத்து கிலோ வரைகூடத் தேவைப்படும். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகி, குமிழிகள் நசுங்கி, உடை மெலிந்துவிடும். மேலே மிதந்துகொண்டிருந்தவர் இப்போது கல்லாக இறங்கத் தொடங்குவார். அதை ஈடுகட்ட, மேலே அணிந்திருக்கும் காற்றுச்சட்டையில் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்றை ஏற்ற வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும் என்பதால் வெளியே விட வேண்டும். ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் இந்தக் கலைதான் முக்குளிப்பின் அரிச்சுவடி. மற்ற கடலில் இது சுமாராக வந்தாலும் சமாளிக்கலாம். கெல்ப் காட்டில் சமாளிக்க முடியாது. கையைக் காலை உதறி மட்டத்தைச் சரிசெய்யப் பார்த்தால் ஒவ்வோர் உதறலுக்கும் ஒரு கொடி சுற்றிக்கொள்ளும்.

காற்றுக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். வழக்கமான சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள் (ஒரு பார் என்பது ஏறக்குறையக் கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதாவது 2,200 லிட்டர். 50 பார் எப்போதும் கையிருப்பு என்று ஒதுக்கினால் செலவுக்கு 1,650 லிட்டர். பதற்றமில்லாத ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறார் என்று வையுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அதே மூச்சுக்கு 40 லிட்டர், 20 மீட்டரில் 60. ஆக, 10 மீட்டரில் நாற்பது நிமிடம் வரும் காற்று 20 மீட்டரில் அரை மணி நேரம்கூட வராது. பயந்து மூச்சிரைத்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகிவிடும். கெல்ப் காட்டில் ஒதுக்கீட்டைச் சற்றுத் தாராளமாகவே வைக்க வேண்டும். தலைக்கு மேலே பந்தல் இருப்பதால் நினைத்த இடத்தில் மேலே வர முடியாது. தொடக்கப் பயிற்சியின் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் அனுமதிக்கும். அந்த ஆழத்துக்குள்ளேயே இந்தக் காட்டில் ஒரு வாழ்நாளுக்குப் பார்க்க விஷயம் இருக்கிறது. ஒரு விதி மட்டும் எந்தக் கடலுக்கும் பொது: சிலிண்டரிலிருந்து மூச்சு எடுக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே ஏறினால் நுரையீரலில் விரியும் காற்று அதைக் கிழித்துவிடும். நம்மூர் முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கி மூழ்கியதும் இதுவும் நேர் எதிரான இரு வித்தைகள். அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு திரும்பினார்கள். அந்த மூச்சு ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே வரும்.

இனி என் அசட்டுத்தனம். கெல்ப்புக்குள் அது எனக்கு இரண்டாவது முக்குளிப்பு. ஏழெட்டு மீட்டர் ஆழம். தண்டுகளுக்கு நடுவே சாய்வாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை வாய் பிளந்து பார்த்தபடி (வாயில் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவி இருந்ததால் பிளக்க முடியவில்லை என்பது வேறு) ஒரு சந்துக்குள் நுழைந்தேன். முதுகுப் பக்கம் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டேன். சிலிண்டரின் வால்வில் ஒரு தண்டு மாட்டியிருந்தது. கையைப் பின்னால் விட்டு இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டதே தவிர அறுபடவில்லை. என்னதான் என்று பார்க்கத் திரும்பினேன். செய்யக்கூடாததில் முதலிடம் அதற்குத்தான். திரும்பிய சுற்றில் இன்னும் இரண்டு தண்டுகள் இடுப்போடு சேர்ந்துகொண்டன. மூச்சு வேகமாகியது.

கூட வந்த பயிற்சியாளர் முகத்துக்கு நேரே வந்து, உள்ளங்கையைக் காட்டினார். நில் என்று பொருள். நின்றேன். தோளைப் பிடித்து, வந்த வழியே ஒரு முழம் பின்னால் தள்ளினார். இடுப்பில் சுற்றியது தானாகக் கழன்றது. பிறகு முதுகுப் பக்கம் போய் ஏதோ செய்தார், ஒரு நொடியில் விடுதலை. கத்தியைக்கூட எடுக்கவில்லை.

படகுக்கு வந்ததும் நங்கூரச் சங்கிலியோடு சிக்கி மேலே வந்த ஒரு தண்டைக் கையில் கொடுத்து, "இழுத்து அறுத்துப் பாருங்கள்" என்றார். பலம் கொண்டமட்டும் இழுத்தேன். முடியவில்லை. "இப்போது இரண்டாக மடியுங்கள்." மடித்தேன். டக்கென்று ஒடிந்தது. சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது என் அம்மா நுனியை ஒடித்துப் பார்ப்பாரே, அதே சத்தம், அதே இலகு. கடைக்காரர் திட்டாததுதான் வித்தியாசம்.

ஏன் இப்படி? அலைக்காகத்தான். கடல் கெல்ப்பைத் தினமும் இழுக்கிறது. பேரலை வந்தால் தண்டு நீண்டு கொடுத்து, நீரோடு போய்விட்டுத் திரும்பி வருகிறது. முறைப்பாக நின்றிருந்தால் பாறைப்பிடியோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். ஆகவே நீளவாட்டில் இழுவைத் தாங்கும் பலம் அதற்கு வேண்டும். கூர்மையாக மடித்து ஒடிக்கும் வேலையை அலை செய்வதில்லை. அந்தப் பக்கம் பலம் இருக்க அவசியம் இல்லை. கெல்ப்பில் சிக்கினால் செய்ய வேண்டியதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது. நில்லுங்கள், மூச்சை நிதானப்படுத்துங்கள், திரும்பாமல் பின்னால் நகருங்கள், மிச்சமிருப்பதை விரலுக்கிடையில் மடித்து ஒடியுங்கள். எட்டாத இடத்தில் இருந்தால் கூட்டாளியைக் கூப்பிடுங்கள். இருவராகப் போவது அதற்காகத்தான். கத்தி கடைசிக்கு, அதையும் காலின் வெளிப்பக்கத்தில் கட்டாமல் உட்பக்கத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே கொடி மாட்டும். தொங்கும் குழாய், அழுத்தமானி, துடுப்பின் வார் நுனி என்று நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் உடம்போடு சேர்த்துச் செருகிவிட்டுக் குதித்தால் இந்தக் கட்டுரையில் வரும் சம்பவம் உங்களுக்கு நேராது.

கெல்ப் கொடுத்துப் போவதுபோல நாமும் கொடுத்துப் போக வேண்டும் என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பாறைக்கரையை ஒட்டிய இடங்களில் மேலே அலை கடக்கும்போது அடியிலும் நீர் ஊஞ்சல்போல ஆடும். இரண்டு மீட்டர் முன்னே, இரண்டு மீட்டர் பின்னே. எதிர்த்து உதைப்பவர் காற்றை வீணாக்கி அதே இடத்தில் இருப்பார். நீர் முன்னே போகும்போது மெல்லத் துடுப்பை அசைத்து, பின்னே இழுக்கும்போது சும்மா இருந்தால் போதும். சுற்றிலும் கெல்ப், மீன், எல்லாமே அதே தாளத்தில் ஆடுவதால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தனிக் கருவியும் வேண்டாம். தண்டுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் ஓட்டம். முதலில் அதற்கு எதிராகப் போய், களைத்த பிறகு அதன் போக்கில் படகுக்குத் திரும்புவது நல்லது. பந்தலையே நீருக்கடியில் இழுத்து அமிழ்த்தியிருக்கும் அளவுக்கு ஓட்டம் இருந்தால் அன்று இறங்காமல் டீ குடித்துக்கொண்டிருப்பது இன்னும் நல்லது.

அடிக்குப் போனதும் முதலில் கண்ணில் படுவது கரிபால்டி மீன். உள்ளங்கையைவிடப் பெரிதாக, கனகாம்பர நிறத்தில், ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் நடுவீதியில் நிற்கும். 1995-இல் கலிஃபோர்னியா இதைத் தன் மாநிலக் கடல்மீனாக அறிவித்தது. ஆண் மீன் பாறையில் ஓர் இடத்தைத் துப்புரவு செய்து, அங்கே செம்பாசியை மட்டும் வளரவிட்டுக் கூடாக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு காவல் முழுக்க ஆணுடையது. அந்தப் பக்கம் போன என்னை அது முகக்கண்ணாடியில் முட்டித் துரத்தியது. என் உடம்பில் அதன் எடை எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் துணிச்சல் புரியும்.

ஆனால் காட்டின் தலையெழுத்தை எழுதுவது அது அல்ல, பாறை இடுக்கில் கிடக்கும் கடல் முள்ளெலி. ஊதா நிறத்தில், எலுமிச்சை அளவிலிருந்து சாத்துக்குடி அளவு வரை, உடம்பெல்லாம் முள். அதன் உணவு கெல்ப். காடு செழிப்பாக இருக்கும்போது அது இடுக்கிலேயே உட்கார்ந்து, மேலிருந்து உதிர்ந்து விழும் இலையைத் தின்று காலம் தள்ளும். வெளியே வந்தால் பிடித்துத் தின்ன ஆள் இருக்கிறது. அனகாப்பாவில் அந்த ஆட்கள் இருவர். ஒன்று, ஷீப்ஹெட் என்ற பருத்த மீன். தலையும் வாலும் கறுப்பு, நடுவில் சிவப்பு, வெள்ளைத் தாடை. முள்ளெலியைக் கடித்து நொறுக்கும் பல் அதற்கு உண்டு. அது பெண்ணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு ஆணாக மாறும் என்பது தனிக் கதை. மற்றொன்று சிங்கி இறால். நம்மூர்ச் சிங்கி இறாலின் நெருங்கிய உறவு. இதற்கும் பெரிய கொடுக்கு கிடையாது, நீண்ட முள்மீசைதான்.

இந்த இருவரையும் மனிதர்கள் பிடித்துத் தீர்த்துவிட்டால் முள்ளெலிக்குப் பயம் விட்டுப்போகும். உதிரும் இலையும் போதாமல் போனால் கூட்டமாக இடுக்கைவிட்டு வெளியே வந்து, கெல்ப்பின் அடியையே கடிக்கும். பிடி அறுந்தால் முப்பது மீட்டர்க் கொடியும் அப்படியே மிதந்து போய்விடும். கொஞ்ச காலத்தில் காடு இருந்த இடம் வெறும் பாறையும் முள்ளெலியுமாக மாறிவிடும். அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. தின்ன ஒன்றும் இல்லாவிட்டாலும் முள்ளெலி சாவதில்லை. உள்ளே சதை வற்றி, ஓட்டோடு, ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். புதிதாக ஒரு கெல்ப் துளிர்த்தால் அன்றே அது காலி.

அனகாப்பாவில் இந்த இரண்டு நிலையையும் ஒரே தீவில் பார்க்க முடிந்தது. தீவின் ஒரு பகுதியில் 1978 முதல் மீன்பிடிக்கத் தடை. தடை இருந்த பகுதியில் ஷீப்ஹெட்டும் சிங்கி இறாலும் பெருகி நின்றதால் கெல்ப் தொடர்ந்து நின்றது. தடை இல்லாத பகுதிகள் பல ஆண்டுகள் முள்ளெலிப் பாலையாகக் கிடந்தன. பாறை ஒன்று, நீர் ஒன்று, இறால் மட்டும் வேறு. இதே கலிஃபோர்னியாவின் நடுக்கரையில் ஷீப்ஹெட்டின் வேலையைக் கடல் நீர்நாய் செய்கிறது. உரோமத்துக்காக அதைக் கிட்டத்தட்ட முற்றிலும் வேட்டையாடிவிட்டார்கள். பிக் சர் கரையில் ஐம்பது போல எஞ்சியிருந்த கூட்டம் 1938-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. வடகரையில் நீர்நாயும் இல்லை, ஷீப்ஹெட்டும் இல்லை. அங்கே முள்ளெலியை அடக்கிவைத்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013-இல் ஒரு நோய் வந்து அது கரைந்து அழிந்தது. அதன் பின்னாலேயே 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்தது. இரண்டும் சேர்ந்து, அந்தக் கரையின் கெல்ப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. 1834-இல் தென்னமெரிக்காவின் தென்முனையில் கெல்ப்பைக் கண்ட டார்வின், எந்த நாட்டில் ஒரு காட்டை அழித்தாலும் இதை அழித்தால் சாகும் அளவுக்கு உயிரினங்கள் சாகாது என்று எழுதினார். வடகரைக்காரர்களுக்கு அது இப்போது வெறும் எழுத்து அல்ல.

திரும்பும் நேரத்துக்கு வருவோம். முழுக் காற்றையும் செலவழித்துவிட்டு மேலே பார்ப்பவர் பந்தலைத்தான் பார்ப்பார். அழுத்தமானி பாதியைக் காட்டும்போதே படகை நோக்கித் திரும்ப வேண்டும். மேலே வெளிச்சம் வட்டமாகத் தெரியும் இடம்தான் பந்தலில் உள்ள ஓட்டை. அதற்கு நேர் கீழே வந்து, ஒரு கையை உயர்த்தியபடி மெதுவாக ஏறுங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று போவது வழக்கம். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்கு அந்த நேரம். திறந்த கடலில் அந்த மூன்று நிமிடம் ஒரே ஆழத்தில் நிற்கப் படாதபாடு பட வேண்டும். இங்கே ஒரு கெல்ப் தண்டை லேசாகப் பிடித்துக்கொண்டால் போதும். என்னைச் சிக்கவைத்த அதே தண்டு. பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதன் இலையை உற்றுப் பாருங்கள். நகத்தளவு நத்தையும், இலை நிறத்திலேயே ஒரு நண்டும், வெள்ளைப் பின்னல் துணிபோல் படர்ந்த ஒரு சிற்றுயிர்க் கூட்டமும் அநேகமாக இருக்கும்.

மேலே வந்த பிறகு படகு பந்தலுக்கு அந்தப்புறம் நின்றால் நீந்திக் கடக்க முயலாதீர்கள். காற்று மிச்சமிருந்தால் மறுபடி இறங்கி அடியில் போய்விடலாம். இல்லையென்றால் தவழ்ந்துதான் போக வேண்டும். காற்றுச்சட்டையை நிரப்பிக்கொண்டு குப்புறப் படுத்து, எதிரில் இருக்கும் கெல்ப்பைக் கைகளால் அழுத்தி, உடம்பை அதன் மேல் இழுத்து, மறுபடி அழுத்தி இழுத்து. காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னால் தொங்கவிடுங்கள். படகிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கடற்சிங்கம் கரையேறுவதுபோல இருக்குமாம். பக்கத்துப் பாறையில் நிஜக் கடற்சிங்கங்கள் படுத்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகவும் இருந்தது என்றார்கள்.

போவதாக இருந்தால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போங்கள். நீர் சற்றுச் சூடாகவும் தெளிவாகவும் இருக்கும். வசந்தத்தில் சத்து பெருகி நுண்ணுயிர்கள் பெருகுவதால் கை நீட்டினால் கை தெரியாத நாளும் உண்டு. வாந்தி மாத்திரையைத் துறைமுகத்தில் அல்ல, வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.